பவர் டேபிளும் முதுகுத்தண்டும்

தம்பி,

வள்ளி கும்மியை விட்டுவிட்டு, பெங்களூரு போய் நவீன நடனம் படிக்கப்போவதாக எழுதியிருந்தாய். போகலாம். ஆனால் கும்மி பழசு, அங்கே கிடைப்பது புதுசு என்கிற உன் கணக்கில்தான் எனக்கு உடன்பாடில்லை. நவீன நடனம் என்றதும் முதலில் வரும் பெயர்களில் ஒன்று சந்திரலேகா. மகாராஷ்டிரத்தில் பிறந்து சென்னைக்கு வந்து, காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் கற்றவர். பெயர் வாங்கிய பிறகு, 1970களின் தொடக்கத்தில் மேடையை விட்டு ஒதுங்கினார். போஸ்டர் வரைந்தார், பெண்கள் இயக்கத்தில் வேலை செய்தார். திரும்பி வந்து 1985இல் ‘அங்கிகா’ என்ற படைப்பை மேடையேற்றியபோது பரதத்தின் அரைமண்டி அப்படியே இருந்தது. நகையும் சாமி கதையும்தான் போயிருந்தன. பக்கத்தில் களரிப்பயிற்று வந்து நின்றது. பின்னால் வந்த ‘ஸ்ரீ’ நடனத்தில் பெண்கள் ஒடிந்த முதுகோடு குனிந்தபடியே நகர்வார்கள். அந்த முதுகு எந்தப் பாடத்திலும் இல்லை. ஒதுங்கியிருந்த வருடங்களில் அவர் பார்த்த வாழ்க்கையிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். நிமிர்ந்த முதுகைப் பரதம் ஏற்கெனவே பழக்கியிருந்ததால்தான் குனிந்ததைக் கட்டமைக்க முடிந்தது. உன் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் முடித்து, பவர் டேபிள் தையல் மெஷினிலிருந்து எழும் அக்காக்களின் முதுகை தினமும் பார்ப்பவன் நீ.

கும்மியில் எல்லோருக்கும் ஒரே அடவு, தனி ஆளுக்கு இடமேது என்று கேட்பாய். நியாயம்தான். அதிலும் இப்போது பெருங்கூட்டம் காட்டுவதே குறியாகிவிட்டது. ஆனால் மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்ரப்பனைப் பார். ஆண்களே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்; 2024இல் பத்மஸ்ரீ வந்தது. ஆட்டத்தை விடாமலே, யார் ஆடலாம் என்பதை மாற்றிவிட்டார். தனி ஆளுக்கான இடமும் அப்படித்தான்: வட்டத்தில் ஒருவன் வேண்டுமென்றே அரை அடி பின்தங்கினால் என்ன ஆகும்? ஆட்டம் ஊறாதவன் செய்தால் அது தப்பு. ஊறியவன் செய்தால் பார்ப்பவன் நிமிர்ந்து உட்காருவான்.

சந்திரலேகாவுக்கு பெசன்ட் நகரில் கடற்கரையோர வீடு இருந்தது, எனக்கு வாடகை வீடுதானே என்று நீ கேட்டால், அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இந்த ஆட்டம் சம்பளம் தருவது அபூர்வம். கம்பெனி வேலையை உடனே விடாதே. ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, மொட்டை மாடி இருக்கிறது. பெங்களூருவுக்கு இரண்டு வருடம் கழித்து விண்ணப்பித்தாலும் வயதாகிவிடாது. ‘அங்கிகா’ மேடையேறியபோது சந்திரலேகாவுக்கு வயது 56.