மீன் தீவன ஆய்வில் சேர நினைப்பவர்களுக்கு

மீன் பண்ணைக்காரர் எவரிடமும் செலவுக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் தீவனத்துக்கே போயிருக்கும். குஞ்சு, கரண்டு, கூலி எல்லாம் அதற்குப் பின்னால்தான். அந்தச் செலவைக் குறைக்க வேண்டும்; மீனின் வளர்ச்சியும் குறையக் கூடாது. மீன் ஊட்டச்சத்து விஞ்ஞானிக்குச் சம்பளம் கொடுப்பதே இதற்காகத்தான்.

படிப்பு வழி நேரானது. முதலில் நான்கு ஆண்டு மீன்வள இளநிலைப் பட்டமான பி.எஃப்.எஸ்சி.; தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977 முதல் இயங்குகிறது. அடுத்து மீன் ஊட்டச்சத்து, தீவனத் தொழில்நுட்பத்தில் எம்.எஃப்.எஸ்சி.; இதற்கு மும்பையில் உள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் பலரின் முதல் தேர்வு. பிறகு பிஎச்.டி. மத்திய அரசு ஆய்வு நிலையங்களில் விஞ்ஞானியாக வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியத்தின் ஏ.ஆர்.எஸ். தேர்வு எழுத வேண்டும். அதில் மீன் ஊட்டச்சத்து தனிப் பாடப்பிரிவு. விலங்கியலோ உயிர்வேதியியலோ படித்தவர்கள் ஆய்வுத் திட்டப் பணி வழியாக உள்ளே வந்து, பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. பதிவு செய்வதும் நடக்கிறது.

ஆனால் இந்தத் தொழிலில் உங்களை நிலைநிறுத்துவது ஒரே ஒரு திறமை: தீவனச் சோதனையைப் பழுதில்லாமல் நடத்துவது.

ஒரே அளவுக் குஞ்சுகளைப் பொறுக்கி, தொட்டிக்குப் பழக்கி, எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வெவ்வேறு தீவனம் கொடுத்து வளர்ப்பார்கள். ஒவ்வொரு தீவனத்துக்கும் குறைந்தது மூன்று தொட்டி. ஒரு தொட்டியில் முப்பது மீன் இருந்தாலும் புள்ளியியலில் அது ஒன்றுதான், ஏனென்றால் முப்பதும் ஒரே தண்ணீரில், ஒரே கை போட்ட தீவனத்தைத் தின்றவை. இதைப் புரிந்துகொள்ளாமல் எழுதிய ஆய்வேடுகள் மதிப்பீட்டாளரிடமிருந்து திரும்பி வருகின்றன. தின்னாமல் அடியில் தங்கிய தீவனத்தை உறிஞ்சி எடுத்து, உலர்த்தி, எடை போட வேண்டும். அதை விட்டுவிட்டால் ஒரு கிலோ மீனுக்கு எத்தனை கிலோ தீவனம் என்று சொல்லும் தீவன மாற்று விகிதம் பொய்யாகிவிடும். செத்த மீனின் எடையும் பதிவேட்டில் ஏற வேண்டும். ஒப்பீட்டுத் தீவனம் தின்ற மீனே சரியாக வளரவில்லை என்றால், மற்றத் தீவனங்கள் அதற்குச் சமமாக இருந்தன என்று சொல்வதில் அர்த்தமில்லை. பொங்கலன்றும் மீனுக்குப் பசிக்கும் என்பதை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வேதியியலும் கைவசம் இருக்க வேண்டும். தீவன மூட்டையில் அச்சிடும் புரத அளவு, நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கி வருவது. புரதமல்லாத நைட்ரஜன் கலந்திருந்தாலும் அந்தக் கணக்கில் புரதமாகவே விழும். அதனால்தான் அமினோ அமிலம் வரை போகிறோம். அமெரிக்காவில் ஜான் ஹால்வர் 1957இல் சினூக் சால்மனுக்கு அமினோ அமிலச் சோதனைத் தீவனத்தை வெளியிட்டது இந்தத் துறைக்கே அடித்தளம். பெரும்பாலான வளர்ப்பு மீன்களால் வைட்டமின் சியைத் தாமே உருவாக்க முடியாது, தீவனத்தில் அது குறைந்தால் முதுகெலும்பு வளையும் என்பதெல்லாம் இப்படித் தொட்டி தொட்டியாகக் கண்டுபிடித்தவைதான்.

இன்றைய பெரிய கேள்வி, தீவனத்தில் புரதத்துக்காகச் சேர்க்கும் மீன்தூளுக்கு மாற்று என்ன என்பது. சோயாவில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் போதாது. அதிலுள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி பைடேட்டாகக் கட்டுண்டிருப்பதால் மீன் அதைச் செரிக்காமல் குளத்திலேயே விடுகிறது. கடலைப் புண்ணாக்கில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, சரியாகக் காயாவிட்டால் அஃப்லடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு வேறு. ஒரு பொருளை எடுத்து 25, 50, 75, 100 சதவீதம் என்று மாற்றிப் பார்க்கும் ஆய்வேடுகள் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன. அந்தப் பொருள் டன் கணக்கில், ஆண்டு முழுவதும், கட்டுப்படியாகும் விலையில் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கிடைக்காது என்றால் அந்தத் தலைப்பை விட்டுவிடுங்கள். உங்கள் இரண்டு ஆண்டு அதைவிட மதிப்புள்ளது. சென்னையில் 1987இல் தொடங்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம், உள்நாட்டு மூலப்பொருள்களைக் கொண்டு வன்னமைப் பிளஸ் என்ற இறால் தீவனத்தை உருவாக்கியது. தலைப்புத் தேடுகிறவர்கள் பார்க்க வேண்டிய திசை அது.

ஆய்வகத்திலேயே அடைந்து கிடக்காதீர்கள். பண்ணைக்குப் போய், தீவனம் மிஞ்சியதா என்று காட்டும் செக் ட்ரேயைத் தூக்கிப் பாருங்கள். தீவன ஆலையில் சில வாரம் நின்று, எக்ஸ்ட்ரூடரில் சூடும் ஈரமும் மாறினால் மிதக்கும் தீவனம் எப்படி மூழ்கும் தீவனமாகிறது என்று கற்றுக்கொள்ளுங்கள். தனியார் நிறுவனங்கள் வேலைக்கு எடுக்கும்போது தேடுவது இந்த அனுபவத்தைத்தான். அங்கே கலவைக் கணக்குப் போடும் வேலைக்கு நல்ல மதிப்பு உண்டு; முடிவுகளை வெளியிடும் சுதந்திரம் குறைவு. சேரும்போதே அதைப் பேசிவிடுங்கள்.

வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்று வரும் முடிவும் முடிவுதான். மலிவான தீவனம் விலை கூடிய தீவனத்துக்கு ஈடாக நின்றது என்பது விவசாயிக்கு நல்ல செய்தி. கணக்குக்கு ஒத்துவராத தொட்டியைச் சத்தமில்லாமல் நீக்கிவிடும் பழக்கத்துக்கு மட்டும் ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள். அந்த எண்ணை நம்பிக் கடன் வாங்கித் தீவனம் போடும் ஒருவர் எங்கோ இருக்கிறார்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய கட்டுரைப் பட்டியலோடு தொட்டிக் கூடத்தையும் நேரில் போய்ப் பாருங்கள். எத்தனை தொட்டி உங்களுக்குக் கிடைக்கும், கரண்டு போனால் ஏரேட்டருக்கு ஜெனரேட்டர் உண்டா, நீங்கள் காய்ச்சலில் படுத்தால் யார் தீவனம் போடுவார்கள் என்று அங்குள்ள மாணவர்களைக் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் வேறு ஆய்வகம் பாருங்கள்.