பல் டாக்டரிடம் போகிறீர்களா? வாயைத் திறக்கும் முன் கண்ணைத் திறங்கள்!

பல்வலி வந்தால் பக்கத்தில் இருக்கும் கிளினிக்குக்கு ஓடுகிறோம். 'எவ்வளவு ஆகும்?' என்று கேட்கிறோம். 'கருவிகளை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்?' என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை வாணியம்பாடி காட்டியது. 2023-இல் அங்கே ஒரு பல் கிளினிக்குக்குப் போய்வந்த 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியோய்டோசிஸ் என்ற கிருமித்தொற்று வந்தது. 8 பேர் இறந்தார்கள். பல் சிகிச்சைக் கருவியாலேயே சலைன் பாட்டிலைத் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, அதே சலைனை அடுத்தடுத்தவர்களுக்கும் பயன்படுத்தியது ஆய்வில் தெரியவந்தது. முந்தைய நோயாளி எழுந்த பிறகு நீங்கள் உட்காரும்வரை என்ன நடக்கிறது என்பதில்தான் உங்கள் பாதுகாப்பு இருக்கிறது. அதைக் கவனிக்க மருத்துவப் படிப்பு தேவையில்லை.

1. வலி இல்லாத நாளில் தேர்ந்தெடுங்கள். வலியோடு போகிறவருக்கு எதையும் பார்க்கப் பொறுமை இருக்காது. பல் சுத்தம் செய்வது போன்ற சிறிய வேலைக்கு ஒருமுறை போய்வாருங்கள். கிளினிக்கின் நடைமுறை முழுவதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

2. படிப்பையும் பதிவு எண்ணையும் பாருங்கள். பி.டி.எஸ். அடிப்படைப் பட்டம், எம்.டி.எஸ். அதற்கு மேல் 3 ஆண்டு சிறப்புப் படிப்பு. எந்தப் பல் மருத்துவரும் மாநிலப் பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பெயர்ப்பலகையில் இருப்பவர்தான் உங்களுக்குச் சிகிச்சை செய்கிறாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தெருவோரத்தில் மலிவாகப் பல் கட்டிக்கொள்வது வேண்டவே வேண்டாம். ஈறு அழுகி, நல்ல பல்லும் ஆட ஆரம்பித்துவிடும்.

3. கிளினிக்குக்கும் பதிவு உண்டு. தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி கிளினிக்குகள் பதிவு பெற வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அது இப்போது செல்லுபடியாகிறதா என்றும் பாருங்கள்.

4. கிளவுஸைக் கவனியுங்கள். டாக்டர் கை கழுவி, உங்களுக்கென்று புதிய கிளவுஸ் போட வேண்டும். அதே கிளவுஸோடு போனை எடுத்தாலோ, அலமாரியைத் திறந்தாலோ, மாற்றச் சொல்லத் தயங்காதீர்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தக் கறையில்கூட 7 நாள் உயிரோடு இருக்கக்கூடியது.

5. கருவிகளின் உறையை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். சுத்திகரித்த கருவிகள் ஒட்டி மூடிய உறையில் வரும். உறையில் உள்ள அடையாளக் குறி சூடு பட்டதும் நிறம் மாறும். திறந்த தட்டில் குவித்து வைத்த கருவியை எடுத்தால் கேள்வி கேளுங்கள்.

6. ஆட்டோகிளேவ் இருக்கிறதா? நம் குக்கரைப் போல நீராவி அழுத்தத்தில் வேலை செய்யும் கருவி இது. 121 டிகிரி சூட்டில் குறைந்தது 15 நிமிடம், அல்லது 134 டிகிரியில் 3 முதல் 4 நிமிடம் வைக்க வேண்டும். வெந்நீரில் கொதிக்க வைப்பது போதாது. சில கிருமிகளின் வித்துகள் 100 டிகிரியிலும் தப்பிவிடும். நீல விளக்கு எரியும் பெட்டி, சுத்தமான கருவியை எடுத்து வைக்கத்தான், சுத்திகரிக்க அல்ல.

7. டிரில் மெஷினின் கைப்பிடியை மறக்காதீர்கள். பல்லைக் குடையும்போது எச்சிலும் ரத்தமும் அதன் உள்ளேயும் போகும். ஸ்பிரிட் போட்டு வெளியே துடைத்தால் உள்ளே சுத்தமாகாது. ஒவ்வொருவருக்குப் பிறகும் ஆட்டோகிளேவில் வைக்க வேண்டும். கூட்டம் அலைமோதும் கிளினிக்கில் ஒரே ஒரு கைப்பிடிதான் இருக்கிறது என்றால், வைக்க நேரமே இருந்திருக்காது என்று புரிந்துகொள்ளலாம்.

8. தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். பல் பிடுங்குதல், ஞானப்பல் அறுவை, இம்பிளான்ட் போன்றவற்றில் காயத்தைக் கழுவுவதற்குக் கிருமி நீக்கிய சலைன்தான் வேண்டும். சீல் உடைக்காத பாட்டிலை உங்கள் கண்ணெதிரில் திறக்கச் சொல்லுங்கள். பாதி காலியான பாட்டிலுக்கு 'வேண்டாம்' சொல்லிவிடுங்கள்.

9. ஊசியும் சிரிஞ்சும் புதியவையாக இருக்கட்டும். மரத்துப்போகப் போடும் ஊசியின் உறையை உங்கள் முன் கிழிக்க வேண்டும். ஊசியை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய சிரிஞ்சையே பயன்படுத்துவதும் ஆபத்துதான்.

10. குப்பைத் தொட்டியையும் பாருங்கள். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையிலும், கிளவுஸ், குழாய் போன்றவை சிவப்பிலும், ஊசிகள் குத்தினாலும் கிழியாத வெள்ளைப் பெட்டியிலும் சேர வேண்டும். எல்லாம் ஒரே வாளியில் கிடந்தால் மற்ற விஷயங்களிலும் கவனம் குறைவாகத்தான் இருக்கும்.

11. டாக்டர் உங்களைக் கேட்கிறாரா? சர்க்கரை, பி.பி., இதய வால்வு, கர்ப்பம், மருந்து ஒவ்வாமை பற்றி விசாரிக்காமல் ஊசியை எடுக்கும் இடம் சரியில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் சொல்லுங்கள். நீங்களாக அதை நிறுத்தாதீர்கள். எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எடுப்பவர்களும் சொல்ல வேண்டும். அவற்றில் சில மருந்துகளால், பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

12. ரூட் கெனாலுக்கு எக்ஸ்ரேயும் ரப்பர் விரிப்பும். தொடங்கும் முன்பும் முடித்த பின்பும் எடுத்த எக்ஸ்ரேக்களைக் காட்டச் சொல்லுங்கள். பல்லைச் சுற்றி மாட்டும் மெல்லிய ரப்பர் விரிப்பு, எச்சில் உள்ளே போகாமலும் நுண்ணிய கம்பி தொண்டையில் விழாமலும் காக்கும். எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி தேவை.

13. அவசர மருந்து உண்டா? ஆக்சிஜன், பி.பி. கருவி, அட்ரினலின் ஊசி மூன்றும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வயதானவர்களைக் கூட்டிப் போகும்போது இதை முதலில் கேளுங்கள்.

14. செலவை எழுதி வாங்குங்கள். எந்தப் பல்லுக்கு என்ன சிகிச்சை, என்ன வகைக் கேப், எத்தனை முறை வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். இம்பிளான்ட் என்றால் கம்பெனிப் பெயரும் தயாரிப்பு எண்ணும் உள்ள ஸ்டிக்கரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 'இன்றைக்கே எல்லாம் செய்துவிடலாம்' என்று அவசரப்படுத்தினால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குறைந்த செலவில் அபிப்பிராயம் கிடைக்கும்.

15. வீடு திரும்பிய பிறகும் கவனம். பல் சிகிச்சைக்குப் பின் காய்ச்சலோடு கடும் தலைவலி, பேச்சுக் குழறல், கழுத்து வீக்கம், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இவற்றில் எது வந்தாலும் பெரிய மருத்துவமனைக்கு உடனே போங்கள். எந்த நாளில் என்ன பல் சிகிச்சை நடந்தது என்பதையும் அங்கே சொல்லுங்கள்.

16. தவறு கண்டால் புகார் செய்யுங்கள். பில், மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். டாக்டர் பற்றிய புகாரை மாநிலப் பல் மருத்துவ கவுன்சிலுக்கும், கிளினிக் பற்றியதை மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் எழுதலாம். இழப்பீடு கேட்க, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம்.

ஒழுங்காகத் தொழில் செய்யும் டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். ஆட்டோகிளேவை அவரே கூட்டிப் போய்க் காட்டுவார். கேட்டதற்கு முகம் சுளித்தால் நாற்காலியிலிருந்து எழுந்து வர உங்களுக்கு முழு உரிமை உண்டு.