லாரியில் வரும் வீட்டுக்கும் ஊராட்சி அனுமதி வேண்டும்

செங்கல், மணல், கொத்தனார் கூலி எல்லாம் ஏறிவிட்ட இந்நாளில், சிறு விவசாயிகள் பலர் ரெடிமேட் வீட்டின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். இரும்புச் சட்டம், சுவருக்குப் பலகை, கூரைக்குத் தகடு, கதவு, ஜன்னல், நட்டு போல்ட் வரை எல்லாம் கம்பெனியிலேயே அறுத்துத் துளையிட்டு லாரியில் அனுப்பிவிடுகிறார்கள். மேடை போட்டு வைத்திருந்தால் சில நாட்களில் நிறுத்திவிடலாம். வயற்காட்டில் கிணற்றோரம் ஒரு வீடு இருந்தால் இரவுக் காவலுக்கும், முறைத் தண்ணீர் பாய்ச்சவும், மாடு கன்று பார்க்கவும் எவ்வளவு வசதி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால், "இது தகரக் கொட்டகை மாதிரிதானே, கழற்றி மாட்டுகிற சாமானுக்கு அனுமதி எதற்கு?" என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. விற்க வருபவர்களும் இதை மறுப்பதில்லை. இது தவறு. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கட்டடம் என்றால் என்ன என்று சொல்லும்போது வீடு, கொட்டகை, குடிசை, தொழுவம், கழிப்பிடம் எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறது. அது செங்கல்லால் ஆனதா, மரத்தாலா, மண்ணாலா, உலோகத்தாலா என்ற பேதம் அதில் இல்லை. ஆகவே நட்டு போல்ட்டால் நிற்கும் வீடும் வீடுதான்.

என் தாய்மாமனுக்கு நேர்ந்ததை இங்கே சொல்வது பொருத்தம். இரண்டு ஏக்கர் நெல் விவசாயம். ஊருக்குள் இருந்த பழைய ஓட்டு வீட்டை மூத்தவருக்கு விட்டுவிட்டு, வயல் வரப்போரம் ஒரு ரெடிமேட் வீடு நிறுத்திக் கொள்வதென்று முடிவு செய்தார். விலையில் பாதியை முன்பணமாகக் கட்டினார். சாமான்கள் வந்து இறங்கிய பிறகுதான் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனார். அங்கே சிட்டாவைப் பார்த்துவிட்டு, "இது நஞ்சை. போதாததற்குக் கூட்டுப் பட்டா. நீங்கள் மட்டும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தால் வாங்க முடியாது" என்று சொல்லிவிட்டார்கள்.

என்னிடம் வந்து, "மாப்பிள்ளை, என் நிலத்தில் நான் படுக்க ஒரு கூரை போட எவனைக் கேட்க வேண்டும்?" என்றார். "மாமா, கேட்க வேண்டியதுதான். ஆனால் லாரி வருவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும்" என்றேன். எட்டு மாதம், ஒரு மழைக்காலம் முழுதும், அந்த வீடு தார்ப்பாயின் கீழ் கிடந்தது. முன்பணத்தைத் திருப்பித் தர கம்பெனி மறுத்துவிட்டது. ஒப்பந்தத்தில் அனுமதியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

முதலில் நிலத்தின் கணக்கைப் பாருங்கள்

வீட்டின் மாதிரிப் படத்தைப் பார்க்கும் முன் பட்டா, சிட்டாவைப் பார்க்க வேண்டும். இவற்றை இப்போது வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே எடுக்கலாம். கவனிக்க வேண்டியவை இரண்டு: நிலம் எந்த வகை, யார் பேரில் இருக்கிறது.

நத்தம் என்று இருந்தால் பாதிக் கவலை விட்டது. நத்தம் என்பது ஊர் மக்கள் குடியிருக்க ஒதுக்கப்பட்ட இடம். அதில் வீடு கட்ட நிலப் பயன்பாட்டை மாற்ற வேண்டியதில்லை. கட்டட அனுமதி மட்டும் பெற்றால் போதும். புறம்போக்கு என்று இருந்தால், எத்தனை தலைமுறையாக அனுபவித்து வந்தாலும் பணத்தை அதில் போடாதீர்கள். ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்காக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

சிறு விவசாயிக்குச் சங்கடம் நஞ்சையிலும் புஞ்சையிலும்தான். நகர் ஊரமைப்புத் துறையின் திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள கிராமங்களில், விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்குக் கொண்டுவர முன் அனுமதி பெற வேண்டும். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் இதற்கென்று 2017-இல் விதிகள் வந்துள்ளன. மனு ஊராட்சி வழியாக நகர் ஊரமைப்புத் துறைக்குப் போகும். நஞ்சையானால் மாவட்ட ஆட்சியரின் இசைவு தேவை. புஞ்சைக்குச் சற்று எளிது என்றாலும் அங்கும் வேளாண்மைத் துறையைக் கேட்பார்கள். நிலத்தின் வழிகாட்டி மதிப்பை வைத்துக் கட்டணமும் உண்டு. திட்டப் பகுதிக்குள் இருக்கும் ஊரானால் நடைமுறை வேறு. அங்கே உங்கள் புல எண் எந்த உபயோகத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் கேட்டறிய வேண்டும்.

"பத்து வருடமாக அதில் தண்ணீரே பாயவில்லை, கருவேல மரம்தான் நிற்கிறது" என்று சிலர் வாதாடுகிறார்கள். கணக்கில் நஞ்சை என்றால் நஞ்சைதான். ஆட்சியரின் இசைவு சட்டென்று கிடைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். நெல் விளையும் மண்ணைக் காப்பதற்காகவே இந்தக் கட்டுப்பாடு. நமக்கு இடைஞ்சலாக இருந்தாலும், சுற்றிலும் மனைக்கல் நட்டுத் தரிசாகப் போன ஊர்களைப் பார்த்தவர்கள் இதைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது பெயர். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறதா? அண்ணன் தம்பி மூவர் பெயரிலும் சேர்ந்து இருக்கிறதா? வாய்மொழியாகப் பாகம் பிரித்து வரப்புப் போட்டுக்கொண்டால் உழவுக்குப் போதும், வீட்டுக்குப் போதாது. பாகப் பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்து, சர்வேயரை வைத்து அளந்து, உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்க வேண்டும். வில்லங்கச் சான்றும் எடுத்துப் பாருங்கள். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ அடமானம் வைத்து, கடன் அடைத்த பிறகும் அதை ரத்து செய்து பதியாமல் விட்டவர்கள் பலர்.

பாதை இருக்கிறதா?

வயல் நடுவில் வீடு நிறுத்த நினைப்பவர்கள் அதிகம் ஏமாறுவது பாதை விஷயத்தில்தான். அடுத்தவர் வரப்பின் மேல் நாம் நாள்தோறும் நடக்கிறோம், அறுவடைக்கு வண்டியும் ஓட்டுகிறோம். அது அவர் விடுவதால் நடப்பது. அவர் நிலத்தை விற்றுவிட்டு வாங்கியவர் வேலி போட்டால் வழி போயிற்று. புலப்படத்தை வாங்கி, வண்டிப்பாதை அதில் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பாதை உரிமையைப் பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்து கொள்ள வேண்டும். வரைபடத்தில் மனைக்குப் போகும் வழியைக் காட்டாமல் அனுமதி கேட்க முடியாது. ரெடிமேட் வீட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு: நீளமான இரும்புச் சட்டங்களை ஏற்றிய லாரி, சில சமயம் கிரேனும், மனை வரை வந்தாக வேண்டும். வாய்க்காலின் மேல் உள்ள சிறு பாலம் அதைத் தாங்குமா என்பதையும் இப்போதே யோசியுங்கள்.

வரைபடமும் மனுவும்

கம்பெனி கொடுக்கும் வண்ணப் படம் வரைபடம் ஆகாது. மனையின் நான்கு எல்லை, வடக்குத் திசை, பாதையின் அகலம், வீட்டைச் சுற்றி விடும் காலியிடம், கிணறு, கழிப்பறை, மலக்குழி ஆகிய எல்லாம் அளவோடு காட்டப்பட வேண்டும். இதைப் பதிவு பெற்ற பொறியாளரிடம் போட்டுக் கொள்வது நல்லது. கம்பெனியிடமிருந்து கேட்டு வாங்க வேண்டியது வேறு: சட்டத்தின் கனம், தூண்களின் இடம், அஸ்திவார போல்ட்டின் ஆழம், கூரை எந்த அளவு காற்றைத் தாங்கும் என்பதைக் காட்டும் பொறியாளர் கையெழுத்திட்ட படம். அதைத் தரத் தயங்கும் கம்பெனியில் வீடு வாங்காதீர்கள். 2011 டிசம்பரில் தானே புயலும் 2018 நவம்பரில் கஜா புயலும் வீசியபோது கடலோர மாவட்டங்களில் தகடுகள் காகிதம் போல் பறந்ததை நாம் பார்த்தோம். எடை குறைந்த வீட்டைக் காற்று மேலே தூக்கப் பார்க்கும். அதைப் பிடித்து வைப்பது தரைக்குள் இறங்கியிருக்கும் போல்ட்டும் கான்கிரீட்டும்தான்.

மனு இப்போது இணையவழியில், ஒற்றைச்சாளர முறையில் கொடுக்கப்படுகிறது. இ-சேவை மையத்தில் உதவி பெறலாம். அனுமதி வழங்குவது ஊராட்சித் தலைவர். தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர். ஊராட்சியின் அதிகார வரம்பை மீறிய பெரிய கட்டடமானால் நகர் ஊரமைப்புத் துறைக்குப் போகும். நம்மைப் போன்றவர்கள் கட்டும் இரண்டு அறை வீட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

2024 ஜூலையில் சுயசான்றிதழ் முறை என்று ஒன்று வந்தது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாத, தரைத்தளம் அல்லது அதன்மேல் ஒரு தளம் உள்ள குடியிருப்புக்கு, அதிகாரிகள் முன்கூட்டிப் பார்வையிடாமலேயே கட்டணம் செலுத்தியவுடன் அனுமதி பெறலாம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆகவே 2,500 சதுர அடி என்பது ஐந்தே முக்கால் சென்டுக்குச் சற்றுக் குறைவு. ஊருக்குள் சிறு மனை வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. வயற்காட்டு நஞ்சையை இதில் நுழைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாம் எழுதிக் கொடுப்பது உண்மை என்று நாமே சான்று கூறுகிறோம். பிறகு பொய் என்று தெரிந்தால் பொறுப்பும் நம்முடையதே.

மனு நிறுத்தி வைக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக அலையவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். கட்டணத்தை ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

வீட்டு வரி ரசீது அனுமதி ஆகாது

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. "வரி போட்டுவிட்டார்கள், இனி என்ன?" என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். வரி விதிப்பு வேறு, கட்டட அனுமதி வேறு. நாளை வங்கியில் கடன் கேட்டால் அவர்கள் கேட்பது அனுமதி பெற்ற வரைபடத்தை.

மின்சாரத்திலும் இதே போன்ற தவறு நடக்கிறது. பம்புசெட்டுக்குக் கொடுத்த இலவச இணைப்பிலிருந்து குடியிருக்கும் வீட்டுக்கு ஒயர் இழுக்கக் கூடாது. வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்க வேண்டும். பிடிபட்டால் அபராதத்தோடு பம்புசெட் இணைப்புக்கே வில்லங்கம் வரும்.

அரசு உதவியை நம்பி ரெடிமேட் வீடு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு ரூ.3.50 லட்சம் என்று அறிவிக்கப்பட்டது. அந்த வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் போட்டாக வேண்டும். தகடு வேய்ந்த வீடு அதில் சேராது.

முன்பணம் கொடுக்கும்போது, "ஊராட்சி அனுமதி கிடைத்த பிறகே சாமான் அனுப்பப்படும், கிடைக்காவிட்டால் முன்பணம் திருப்பித் தரப்படும்" என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சம்மதிக்காவிட்டால் ஒரு சிறு தொகையை மட்டும் கொடுத்து, படத்தை வாங்கிக் கொண்டு, அனுமதி வந்த பின் மீதியைப் பேசுங்கள்.

மாமாவின் வீடு கடைசியில் வயலில் நிற்கவில்லை. ஓட்டு வீட்டின் பின்னால் மாட்டுக் கொட்டகை இருந்த நான்கு சென்ட் நத்தத்தை அண்ணனிடம் பேசிப் பாகமாக எழுதி வாங்கி, பட்டா மாற்றி, அனுமதி பெற்று அங்கே நிறுத்தினார்கள். தார்ப்பாயின் கீழ் ஊறிய சுவர்ப் பலகைகளில் சில உப்பிப் போய்விட்டதால் அவற்றை மட்டும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. முறைத் தண்ணீர் வரும் இரவுகளில் அவர் இன்னும் சைக்கிளில்தான் வயலுக்குப் போகிறார்.