காந்தள் கொடிக்கு ஏற்ற மண் எது?

குறிஞ்சி நிலத்துக்குரிய பூ காந்தள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் 99 பூக்களில் முதலில் வருவது இதுதான். ஆயினும் இது மலையில் மட்டும் வாழும் கொடியன்று. மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகள், இலங்கை, ஆப்பிரிக்கா எனப் பரவியுள்ள இக்கொடி, வேதாரண்யத்தின் கடலோர மணற்பாங்கான நிலத்திலும் வளர்கிறது. கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ என்பனவும் இதன் பெயர்களே.

இதன் விதையிலும் கிழங்கிலும் உள்ள கோல்சிசின் என்னும் பொருள் கீல்வாத மருந்துக்குப் பயன்படுவதால், விதைக்கு வியாபாரிகளிடம் கிராக்கி உண்டு. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் இதைப் பயிரிடுகின்றனர். காரைக்காலை அடுத்த குரும்பகரம் போன்ற ஊர்களின் உழவர்களுக்கும் இதில் ஆசை எழலாம். விதைக்கிழங்குக்கு ஆகும் செலவே பெரிது. அதை வாங்குமுன் மண்ணைக் கவனிக்க வேண்டும்.

காந்தளின் இருப்பிடத்தை முடிவு செய்வது உயரமன்று, வடிகால்தான். கோடையில் கொடி காய்ந்துவிட, கிழங்கு மண்ணுக்குள் உறங்குகிறது. ஆடி மழையில் முளைத்து, இலை நுனிகளால் அண்டையிலுள்ள செடிகளைப் பற்றி ஏறுகிறது. புதரோரங்களில் இது காணப்படுவது அதனால்தான். காய் முற்றி, புதுக்கிழங்கு பருக்கும் வேளையில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை வந்துவிடுகிறது. மலைச் சரிவில் நீர் ஓடிவிடும், மணலில் கீழிறங்கிவிடும். களிமண் நஞ்சையில் தேங்கி நின்று கிழங்கை அழுகச் செய்யும்.

எனவே நெல் வயலில் இதை நடுவது வீண். மேடான மணற்பாங்குக் கொல்லை உள்ளவர்கள் மட்டும் சில கிழங்குகளை நட்டு, ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டுப் பிறகு விரிவாக்கலாம். கிழங்கு 50 முதல் 60 கிராம் எடை இருப்பது நல்லது. முளை நுனி ஒடிந்த கிழங்கு எவ்வளவு பருமனாயினும் பயனில்லை. பூவின் சூல்முடி மகரந்தத்தை விட்டு விலகி மடிந்திருப்பதால், காலை வேளையில் கையால் மகரந்தம் தொட்டுவைத்தால்தான் காய் நன்கு பிடிக்கும். ஆள் கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காட்டுக் கிழங்கைத் தோண்டி வந்து நடுவது கூடாது. அவ்வாறு தோண்டியே பல இடங்களில் இக்கொடி அருகிவிட்டது.

செடி முழுவதும் நஞ்சு. இலங்கையில் சர்க்கரைவள்ளி என்று எண்ணி இக்கிழங்கை உண்டு இறந்தவர்கள் உண்டு. ஆடுமாடுகள் மேயாதபடி வேலி அவசியம். விதைக்கிழங்கைச் சமையலறையிலோ, உண்ணும் கிழங்குகளோடோ வைக்கக் கூடாது. தவறி எவரேனும் தின்றுவிட்டால், வாந்தி, பேதி தோன்றும் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும். தின்ற கிழங்கில் மிச்சமிருந்தால் அதையும் கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டவும்.