செய்தியும் ஒரு சாட்சியம்தான்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் ரஸூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



ஃபஜ்ர் தொழுதுவிட்டு வெளியே வந்தால் டீக்கடையில் பேப்பர் கிடக்கிறது, கையில் போன் இருக்கிறது. மேட்டூர் அணையில் எத்தனை அடி தண்ணீர், அணை என்றைக்குத் திறப்பு, நெல் கொள்முதல் நிலையம் எப்போது திறக்கும், மழை வருமா என்று பார்க்கிறோம். டெல்டாவில் வாழும் நாம் செய்தியை நம்பித்தான் நாற்று விடுகிறோம், அறுவடைக்கு ஆள் சொல்லி வைக்கிறோம். எனவே செய்தி தருபவர் தவறு செய்தால் அந்தத் தவறு அவரோடு நிற்பதில்லை. அது நம் வயலுக்கு வரும், நம் வீட்டுக்குள்ளும் வரும்.

பத்திரிகையாளரின் வேலையை மார்க்கம் எந்தக் கண்ணோடு பார்க்கிறது? ஒரே சொல்லில் சொன்னால் அது ஷஹாதத், அதாவது சாட்சியம். தான் பார்த்ததை, பார்க்காத மக்களுக்கு அவர் சொல்கிறார். சாட்சி சொல்பவர் மீது இரண்டு கடமைகள் உண்டு. பொய் சொல்லக் கூடாது. தெரிந்த உண்மையை மறைக்கவும் கூடாது. முதல் கடமையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

*ஹுத்ஹுத் தரும் பாடம்*

சூரா அந்நம்லில் (27:20-28) சுலைமான் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் சம்பவத்தை அல்லாஹு தஆலா சொல்கிறான். பறவைகளைப் பார்வையிட்டபோது ஹுத்ஹுத் பறவையைக் காணவில்லை. சற்று நேரத்தில் அது வந்து, ஸபா நாட்டிலிருந்து உறுதியான செய்தியோடு வந்திருப்பதாகச் சொன்னது. அந்நாட்டை ஒரு பெண் ஆள்வதையும், அவளுடைய மகத்தான சிம்மாசனத்தையும், அம்மக்கள் சூரியனுக்கு ஸஜ்தா செய்வதையும் அறிவித்தது.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஹுத்ஹுத் யாரோ சொன்னதைக் கொண்டு வரவில்லை. நேரில் போய்ப் பார்த்தது. யார், எங்கே, என்ன செய்கிறார்கள் என்பதைத் தெளிவாகச் சொன்னது. மாபெரும் அரசர் முன்னால் நின்று, தாங்கள் அறியாத ஒன்றை நான் அறிந்து வந்திருக்கிறேன் என்று சொல்லவும் அது தயங்கவில்லை.

அதைக் கேட்ட சுலைமான் நபி என்ன செய்தார்கள்? உடனே படையைக் கிளப்பவில்லை. நீ சொல்வது உண்மையா பொய்யா என்று பார்ப்போம் என்றார்கள். கடிதம் கொடுத்து அனுப்பி, விசாரித்து அறிந்தார்கள். நிருபருக்கு ஹுத்ஹுத் முன்மாதிரி என்றால், ஆசிரியருக்கும் வாசகருக்கும் சுலைமான் நபி முன்மாதிரி.

*விசாரிக்காத செய்தி செய்யும் சேதம்*

சூரா ஹுஜுராத் 6-ஆம் வசனம், தீயவன் ஒருவன் செய்தி கொண்டு வந்தால் அதைத் தீர விசாரிக்கும்படி கட்டளையிடுகிறது. அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்தும் நிலை வரக் கூடாது என்று காரணத்தையும் சொல்கிறது. பனூ முஸ்தலிக் கூட்டத்தார் ஜகாத் தர மறுத்ததாக மதீனாவுக்கு வந்த தவறான செய்தியை ஒட்டி இது இறங்கியதாக தஃப்ஸீர்களில் பார்க்கிறோம். வரவேற்க வந்தவர்களை, தாக்க வந்தவர்கள் என்று எண்ணியதால் வந்த செய்தி அது. விசாரிக்காமல் இருந்திருந்தால் ரத்தம் சிந்தியிருக்கும்.

இது பழைய கதை அல்ல. 2023 மார்ச் மாதம், தமிழ்நாட்டில் பிஹார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. சில ஊடகங்களும் அதைச் செய்தியாக்கின. பிஹார் சட்டமன்றம் வரை அமளியானது. அந்த வீடியோக்களில் ஒன்று பிஹார் தொழிலாளர்கள் இரு பிரிவினர் தங்களுக்குள் மோதிக்கொண்டது என்றும், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்கிடையே நடந்த தகராறு என்றும் அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கினார். பிஹார் அதிகாரிகள் குழுவே இங்கு வந்து பார்த்துப் போனது. ஆனால் அதற்குள் வெளியூரில் பிழைக்க வந்த ஏழைகள் எத்தனை இரவு பயந்து கிடந்திருப்பார்கள்! நம் தஞ்சை, திருவாரூர் வயல்களில் நாற்று நடவும் இன்று மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்களும் யாரோ ஒரு தாயின் பிள்ளைகள்தானே?

இந்த வலி நமக்கும் தெரியும். 2020-ல் கொரோனா பரவியபோது, தில்லி நிஜாமுத்தீன் மர்கஸில் கூடியவர்களைச் சொல்லி ஒரு சமுதாயத்தையே நோய் பரப்புவோர் என்று சில தொலைக்காட்சிகள் காட்டின. அதே ஆண்டு ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கருதியது. ஊடகப் பிரச்சாரத்தைக் கண்டித்தது. 2025 ஜூலையில் தில்லி உயர்நீதிமன்றமும் 70 இந்தியர்கள் மீதான குற்றப்பத்திரிகைகளை ரத்து செய்தது. அன்று வந்த பழியை ஊரே அறியும். ஐந்து ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பை எத்தனை பேர் அறிவார்கள்?

*மறைக்கப்படும் சாட்சியம்*

இனி இரண்டாவது கடமை. சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவத்திற்குள்ளானது என்ற கருத்தை அல்பகரா 283-ஆம் வசனம் தருகிறது.

2004 ஜூலை 16. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் சத்துணவுச் சமையலறையில் பிடித்த நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. கீற்றுக் கூரையும் குறுகிய மாடிப்படியும் ஒரே நாளில் வந்தவை அல்ல. தினமும் எல்லோர் கண்ணிலும் பட்டவைதான். நெருப்புக்குப் பிறகுதான் அவை நாடறிந்த செய்தியாயின. வழக்கில் தீர்ப்பு வர 2014 ஜூலை 30 வரை, பத்து ஆண்டுகள் ஆயின.

பத்திரிகையாளரின் பெரிய பொறுப்பு இங்கேதான் இருக்கிறது. உயிர் போன பிறகு படம் பிடிப்பது எளிது. போவதற்கு முன்னால் கூரையைப் பார்த்துக் கேள்வி கேட்பதும், கூட்டம் கலைந்த பிறகும் வழக்கு என்னாயிற்று என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருப்பதும்தான் கடினம். கொள்முதல் நிலைய வாசலில் நெல் மூட்டைகள் நனைந்து முளைவிடும்போது, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று விவசாயி திருப்பி அனுப்பப்படும்போது, அவருக்காகப் பேச யார் இருக்கிறார்? அதை நேரில் வந்து எழுதும் நிருபர் ஒரு அமானிதத்தை நிறைவேற்றுகிறார். அநியாயக்கார ஆட்சியாளன் முன் நீதியான சொல்லைச் சொல்வது சிறந்த ஜிஹாத் என்ற ஹதீஸின் கருத்து (அபூதாவூத், திர்மிதி) அவருக்கு ஆறுதலாக இருக்கும்.

*நமக்கு என்ன பொறுப்பு?*

நாம் பத்திரிகையாளர் இல்லையே என்று யாரும் ஒதுங்க முடியாது. ஃபார்வர்டு பொத்தானை அழுத்தும் ஒவ்வொருவரும் செய்தி பரப்புபவர்தான். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யர் என்பதற்குப் போதும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (முஸ்லிம்). ஒரு மனிதனின் கன்னம் இரும்புக் கொக்கியால் பிடரி வரை கிழிக்கப்படும் காட்சி நபியவர்களுக்குக் கனவில் காட்டப்பட்டது. அவன் சொன்ன பொய் உலகின் திக்குகள் வரை போய்ச் சேர்ந்தது என்பதே காரணம் (புகாரி). ஒரு பொய் நொடியில் உலகைச் சுற்றும் நம் காலத்தில் இதைக் கேட்டு நடுங்க வேண்டாமா?

ஆகவே மூன்று காரியங்களைக் கடைப்பிடிப்போம்.

ஒன்று, எங்கே, எப்போது, யார் பார்த்தது என்று தெரியாத எதையும் அனுப்பாமல் இருப்போம். தவறாக அனுப்பியது தெரிந்தால், அனுப்பிய அதே குழுவில் திருத்தத்தையும் போடுவோம்.

இரண்டு, நம் ஊர் நிகழ்ச்சிக்கு வரும் நிருபருக்குக் கவர் கொடுக்கும் வழக்கத்தை விடுவோம். டீ கொடுங்கள், சாப்பாடு போடுங்கள், அது விருந்தோம்பல். செய்தி வருவதற்காகக் கொடுக்கும் பணம் லஞ்சம். லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள்.

மூன்று, நமக்கு எதிரான செய்தி உண்மையாக இருந்தால் ஏற்றுக்கொள்வோம். உங்களுக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பதே அன்னிஸா 135-ஆம் வசனத்தின் கட்டளை. நம்மைப் பற்றிய பொய் கசக்கிறது, பிறரைப் பற்றிய பொய் இனிக்கிறது என்றால் நாம் கேட்பது நீதி அல்ல.

பெற்றோர்களே! டாக்டர், இன்ஜினியர் என்று கனவு காண்பதைப் போல, உங்கள் பிள்ளைகளில் ஒருவரை உண்மை பேசும் பத்திரிகையாளராகவும் ஆக்குங்கள். நம்மைப் பற்றிச் சரியாக எழுதவில்லை என்று குறைப்படுவதைவிட, எல்லா மக்களைப் பற்றியும் நேர்மையாக எழுதும் ஒருவரைச் சமூகத்திற்குத் தருவது மேல்.

யா அல்லாஹ்! எங்கள் நாவையும், எங்கள் பேனாவையும், எங்கள் விரலையும் பொய்யிலிருந்து பாதுகாப்பாயாக. உண்மையை எடுத்துச் சொல்வோருக்குத் துணை நிற்பாயாக. எங்கள் ஆற்றில் தண்ணீரையும், விளைச்சலில் பரக்கத்தையும், மக்களிடையே நல்லிணக்கத்தையும் தந்தருள்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.