எஞ்சினும் எண்ணெயும்

தமிழ் ஆனர்ஸ் பயிலும் ஒருவன் இலக்கணத்தையும் காப்பியத்தையும் விட்டு லாரி எண்ணெயைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என நண்பர்கள் வினவக்கூடும். சென்ற மார்கழி விடுமுறையில் எங்கள் வீட்டில் நேர்ந்த ஒரு கவலையே அதற்குக் காரணம். அக்கவலையால் யான் கற்றவை பிறர்க்கும் பயன்படலாம் என்று கருதி இங்கே எழுதுகின்றேன்.

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போளூர் செல்லும் சாலையில் உள்ளது எங்கள் ஊராகிய சந்தவாசல். படவேட்டுக்குச் செல்வோர் இங்கேதான் திரும்புவர். ஆரணிப் பட்டு நெய்வோரும் நெல் விளைப்போரும் நிறைந்த பகுதி இது. என் தாய்மாமன் நெல் வாடகையை நம்பிக் கடன் பெற்று, பழைய சிறு லாரி ஒன்றை வாங்கினார். பகலில் அது நன்றாகவே ஓடிற்று. ஆனால் விடியற்காலை நான்கு மணிக்குச் சாவியைத் திருப்பிய மாத்திரத்தில், இரும்புச் சங்கிலியைத் தகரத்தில் கொட்டினாற்போன்ற கடகடவென்னும் ஓசை எழும். சுமார் பத்து வினாடி சென்றபின் தணியும். தறியோசைக்குப் பழகிய எங்கள் தெருவே அவ்வோசை கேட்டு விழித்துக்கொள்ளும்.

கடைக்காரர் ஒருவர், "எண்ணெய் நீர்த்துப்போயிற்று, கெட்டியானதை ஊற்றுங்கள்" என்றார். மாமாவும் 20டபிள்யூ-50 என்று குறித்த எண்ணெயை வாங்கி ஊற்றினார். ஓசை குறையவில்லை, முன்னிலும் சில வினாடி நீண்டது. மற்றொருவர் எஞ்சினைப் பிரித்தே தீரவேண்டும் என்றார். அதற்கு வேண்டிய தொகையைக் கேட்ட அத்தை, தம் வளையல்களை அடகு வைக்க எடுத்து வெளியே வைத்துவிட்டார்.

இந்நிலையில்தான் ஆரணியில் பட்டறை வைத்திருக்கும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றோம். அவர் வண்டியைத் தொடவில்லை. "இரவு இங்கேயே நிற்கட்டும். காலையில் வாருங்கள், காதால் கேட்டுச் சொல்கிறேன்" என்றார். நோயாளியைக் காணாமல் மருந்து கொடுக்க மறுக்கும் வைத்தியரை ஒத்திருந்தது அவர் செயல்.

மறுநாள் அவர் கூறியதையும், பின்னர் யான் நூல்களிற் படித்ததையும் சேர்த்துச் சொல்வேன். ஓடும் எஞ்சினில் எண்ணெயானது பம்பினால் உந்தப்பட்டு, வடிகட்டியின் வழியே சென்று, கிராங்கின் பேரிங்குகளையும், அதன் பின் மேலேயுள்ள ராக்கர் முதலிய உறுப்புகளையும் நனைக்கின்றது. எஞ்சினை நிறுத்தி வைத்த இரவு முழுவதும் அவ்வெண்ணெய் மெல்ல வடிந்து அடித்தொட்டியைச் சேர்கின்றது. காலையில் எஞ்சின் சுழலத் தொடங்கும்போது மேலுறுப்புகளில் எஞ்சியிருப்பது மெல்லிய பூச்சு மட்டுமே. பம்பு மீண்டும் எண்ணெயை மேலேற்றும்வரை இரும்பு இரும்போடு மோதும். அம்மோதலே நாம் கேட்கும் ஓசை.

எண்ணெய்ப் படலம் இரும்பைத் தாங்குகின்றது என்பது வெறும் உவமையன்று. 1883-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் போஷாம்ப் டவர் என்பவர் ரயில் வண்டியின் அச்சுத் தாங்கிகளை ஆராய்ந்தபோது, தாங்கியின் மேற்புறத்தில் எண்ணெய் ஊற்றுவதற்காக ஒரு துளை இட்டார். அச்சுச் சுழன்றதும் அத்துளை வழியே எண்ணெய் வெளியே பொங்கி வழிந்தது. துளையை மரத்தக்கையால் அடைத்தார். எண்ணெய் அத்தக்கையையும் மெல்ல மெல்ல வெளியே தள்ளிவிட்டது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்க்க, சதுர அங்குலத்திற்கு 200 பவுண்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் இருந்தது! சுழலும் அச்சு, தானே எண்ணெயை இடுக்கினுள் இழுத்துச் சென்று, அதன்மேல் மிதக்கின்றது என்பது அதனால் புலனாயிற்று. 1886-இல் ஆஸ்பர்ன் ரெய்னால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார். சுழற்சியும் வேண்டும், எண்ணெயும் வேண்டும். இரண்டில் ஒன்று குறையினும் படலம் எழாது. தொடங்கும் வேளையில் இரண்டும் குறைவு.

ஆகவே ஓசை எழுவது எண்ணெய் கெட்டியாக இல்லாமையால் அன்று. எண்ணெய் இன்னும் வந்து சேராமையால். கெட்டியான எண்ணெய் இன்னும் தாமதித்தே வரும். கடைக்காரர் கூறிய மருந்து நோயை வளர்த்தது இதனால்தான். ஆயினும் அவர் சொல் முற்றும் பொய் என்று தள்ளுவதற்கில்லை. மிகத் தேய்ந்த எஞ்சினில், சூடேறியபின் எழும் பேரிங் ஓசையைக் கெட்டியான எண்ணெய் சிறிது அடக்கும். அஃது அடக்குதலேயன்றித் தீர்த்தல் ஆகாது.

இனி டப்பாவின் மேலுள்ள எண்களைப் பார்ப்போம். எண்ணெய்களை அவற்றின் பாகுத்தன்மை கொண்டு வகுக்கும் முறையை அமெரிக்க மோட்டார் எஞ்சினியர் சங்கத்தார் 1911-இல் ஏற்படுத்தினர். 15டபிள்யூ-40 என்பதில் 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. முன்னுள்ள எண் சிறிதாயின், குளிரில் எண்ணெய் எளிதாக ஓடும். பின்னுள்ள எண் 100 பாகை சென்டிகிரேடு சூட்டில் அதன் நிலையைக் காட்டும். 40 எனில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் வரை, 50 எனில் 16.3 முதல் 21.9 வரை. 15டபிள்யூ-வைச் சோதிக்கும் குளிர் உறைநிலைக்குக் கீழே 20 பாகை. அத்தகைய குளிரைச் சவ்வாது மலையடிவாரம் கனவிலும் கண்டதில்லையே, நமக்கு இவ்வெண் எதற்கு என்று யானும் ஐயுற்றேன். ஆனால் 20 பாகையுள்ள நம் மார்கழிக் காலையிலேயே 15டபிள்யூ-40 எண்ணெய் தன் ஓடுநிலையிலும் சுமார் இருபது மடங்கு தடித்திருக்கும். 20டபிள்யூ-50 அதனினும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தடித்தது. குளிர்காலமே இல்லாத ஊர் என்று நாம் நினைத்தாலும், எஞ்சினுக்கு ஒவ்வொரு காலையும் குளிர்காலந்தான்.

எண்களோடு எழுத்துகளும் உண்டு. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தார் பெட்ரோல் எஞ்சினுக்கு 'எஸ்' என்றும் டீசல் எஞ்சினுக்கு 'சி' என்றும் தொடங்கும் வகைகளை வைத்துள்ளனர். 2002-இல் வந்தது சி.ஐ.-4, 2016-இல் வந்தது சி.கே.-4. டீசல் எஞ்சினில் உண்டாகும் கரிப்பொடியை எண்ணெயில் கலந்து நிறுத்திவைக்கும் மருந்துகள் இவற்றில் உள்ளன. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 விதிப்படி அமைந்து, புகைப்போக்கியில் கரிவடிகட்டி உள்ள வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெயே வேண்டும். பழைய எண்ணெயை ஊற்றினால் அவ்வடிகட்டி அடைபடும். எந்த வண்டிக்கு எது என்பதை வண்டி செய்தவரின் கையேடு கூறும். எங்கள் மாமாவின் வண்டிக் கையேடு 15டபிள்யூ-40, சி.ஐ.-4 என்று தெளிவாகக் கூறியிருந்தது. அஃது இருக்கையின் அடியில், வாங்கிய நாள் முதல் யாரும் பிரியாமல் கிடந்தது.

தமிழ் மாணவனாதலின் இங்கே ஒரு சொல் கூறாமல் இருக்க இயலவில்லை. எள்ளின் நெய்யே எண்ணெய். பின்னர் அது தேங்காய்க்கும் ஆமணக்கிற்கும் பொதுவாகி, இன்று நிலத்தடியிலிருந்து எடுத்து மணலியில் சுத்திகரிப்பதற்கும் வழங்குகின்றது. ஆமணக்கெண்ணெயை வண்டியச்சுக்கு இட்டனர் நம் முன்னோர். 1909-இல் மேனாட்டில் மோட்டார் எண்ணெய்க்கு 'காஸ்ட்ரால்' என்று பெயரிட்டதும் அதில் ஆமணக்கெண்ணெய் கலந்தமையால்தான்.

மெக்கானிக் பெரியவர் காலையில் வந்து, எஞ்சினின் பக்கத்தில் குனிந்து நின்று, மாமாவைச் சாவி திருப்பச் சொன்னார். பின் என்னை நோக்கி, "தம்பி, இதில் இரண்டு ஓசை இருக்கிறது, கேட்டாயா?" என்றார். எனக்கு ஒன்றுதான் கேட்டது. மேலிருந்து வரும் கடகடப்பு எண்ணெய் வராத ஓசை என்றும், அதனோடு கலந்து கட்டையால் தட்டினாற்போல் வருவது குளிர்ந்த எஞ்சினில் டீசல் தாமதித்துத் திடீரெனப் பற்றுவதால் எழும் ஓசை என்றும் விளக்கினார். பின்னதை எந்த எண்ணெயாலும் மாற்ற இயலாது. சூடேறினால் தானே குறையும். சூடேறிய பின்னும் தணியாத அடியோசை ஒன்று கேட்டிருந்தால் அன்றே எஞ்சினைப் பிரித்திருப்பேன் என்றும் கூறினார்.

பின்பு வடிகட்டியைக் கழற்றிக் காட்டினார். இவ்வண்டியில் அது பக்கவாட்டில் பொருத்தப்பட்டிருந்தது. எண்ணெய் இரவில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வளையம் அதனுள் உண்டு. அது மரப்பட்டைபோல் இறுகி வளைந்துகொடாமல் இருந்தது. மலிவு கருதி வாங்கிய வடிகட்டி அது. சூடான எஞ்சினிலிருந்து கெட்டி எண்ணெயை முற்றும் வடித்து, நல்ல வடிகட்டி பொருத்தி, கையேடு கூறிய எண்ணெயை அளவுகோலின் மேற்கோட்டைத் தாண்டாமல் ஊற்றினார். ராக்கர் இடைவெளியையும் அளந்து திருத்தினார். கழிவெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் டப்பாவில் அடைத்து, வாங்கிச் செல்வோருக்கென்று ஒதுக்கி வைத்தார். வண்டியைக் கிளப்பியவுடன் விசையை மிதித்து உறுமவிடக் கூடாது, அரை நிமிடமேனும் தானே ஓடவிட வேண்டும் என்று மாமாவுக்குக் கண்டிப்பாகச் சொன்னார்.

இப்போது கடகடப்பு இரண்டு வினாடியில் அடங்கிவிடுகின்றது. கட்டையோசை இருக்கின்றது, மாமா அதற்கு அஞ்சுவதில்லை. வளையல்கள் அடகுக் கடைக்குச் செல்லவில்லை. அடுத்த முறை எண்ணெய் மாற்றவேண்டிய கிலோமீட்டர்க் கணக்கை அவர் கதவின் உட்புறத்தில் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருக்கின்றார். மழையில் அழியும்போதெல்லாம் அத்தை மீண்டும் எழுதுகின்றார்.