ஆழ்கடல் மீன்பிடிப் படகுப் பயணம்: ஒப்பமிடுமுன் குடும்பங்கள் அறிய வேண்டியவை

சிட்னித் துறைமுகத்திலிருந்தும் பொட்டனி விரிகுடாவிலிருந்தும் விடியற்காலையில் புறப்படும் வாடகை மீன்பிடிப் படகுகளில் குடும்பமாகச் செல்வோர், கட்டணத்தையும் நேரத்தையும் விசாரிக்கும் அளவுக்குத் தாம் ஒப்பமிடும் படிவத்தை விசாரிப்பதில்லை. அப்படிவமே இக்கட்டுரையின் முதன்மைப் பொருள். படகு, மீன், கடல் ஆகியன அதனையொட்டிக் கூறப்படுகின்றன.

பணம் பெற்றுக்கொண்டு பயணிகளை ஏற்றிச் செல்லும் படகு, சட்டத்தின் பார்வையில் வணிகக் கலமாகும். இத்தகைய கலங்களை நாடு முழுவதற்குமாக 2012ஆம் ஆண்டின் தேசியச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது. அதனை நடைமுறைப்படுத்துவது ஆஸ்திரேலியக் கடற்பாதுகாப்பு ஆணையம் ஆகும். படகு தனக்குரிய அடையாள எண்ணைத் தாங்கியிருத்தல் வேண்டும்; அதனைச் செலுத்தும் தலைவர் உரிய தகுதிச் சான்றிதழ் உடையவராதல் வேண்டும். இவற்றைக் கேட்டறிவது அவமரியாதை ஆகாது. முன்பதிவு செய்யும்போதே பிள்ளைகளின் வயதையும் எடையையும் கூறி, அவர்களுக்குப் பொருந்தும் உயிர்காப்பு அங்கி படகில் உள்ளதா எனக் கேட்பது நன்று. பெரியவரின் அங்கியைச் சிறு பிள்ளைக்கு இறுக்கிக் கட்டிவிட்டால் போதும் என்பது தவறான எண்ணம். நீரில் விழுந்தவுடன் பிள்ளை அதிலிருந்து நழுவிவிடக்கூடும்.

இனிப் படிவம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 2002ஆம் ஆண்டுக் குடிசார் பொறுப்புச் சட்டத்தில் 5எம் என்னும் பிரிவு ‘இடர் எச்சரிக்கை’ பற்றிப் பேசுகிறது. பொழுதுபோக்கு நடவடிக்கை ஒன்றில் உள்ள இடரைக் குறித்து முன்கூட்டியே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தால், அவ்விடரால் விளைந்த தீங்குக்கு நடத்துநர் கவனக்குறைவின் பேரில் பொறுப்பாளி ஆகார் என்பது அதன் சாரம். எச்சரிக்கை வாய்மொழியாக இருக்கலாம், எழுத்தில் இருக்கலாம், அறிவிப்புப் பலகையாகவும் இருக்கலாம். மக்களை எச்சரிக்கத்தக்க முறையில் அது விடுக்கப்பட்டிருந்தால் போதுமானது. குறிப்பிட்ட பயணி அதனைப் பெற்றார் என்றோ புரிந்துகொண்டார் என்றோ நடத்துநர் நிரூபிக்க வேண்டியதில்லை. எனவே ‘ஆங்கிலம் தெரியாமல் கையெழுத்திட்டேன்’ என்று பின்னர் கூறுவது பெரும்பாலும் பயன் தராது. தமிழ் மட்டும் அறிந்த மூத்தோருக்கு இது கடுமையான விதியே. ஆயினும் சட்டம் அவ்வாறே உள்ளது.

பிள்ளைகள் விடயத்தில் விதி சற்று வேறுபடுகிறது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய பெரியப்பா படகுப் பயணத்துக்கு அழைத்துச் செல்கிறார் எனக் கொள்வோம். பெற்றோர் வீட்டில் இருக்கின்றனர். எச்சரிக்கையைப் புரிந்துகொள்ளும் வயது சிறுமிக்கு இல்லை. ஆகவே அவளிடம் மட்டும் சொல்லப்பட்ட எச்சரிக்கையை நடத்துநர் துணைக்கொள்ள இயலாது. ஆனால் உடன் சென்ற பெரியப்பாவுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தால் அது போதும். பெற்றோர் அப்படிவத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராவிட்டாலும், பின்னாளில் சிறுமியின் இழப்பீட்டு உரிமையை அது பாதிக்கக்கூடும். பிள்ளையை உறவினருடன் அனுப்பும் பெற்றோர் முந்தைய நாளே படிவத்தை வாங்கிப் படிப்பது இதனாலேயே அவசியமாகிறது.

எனினும், ஒப்பமிட்டவுடன் உரிமைகள் அனைத்தும் அற்றுப்போவதில்லை. தனிமனிதப் பாதுகாப்புக்கெனக் குறிப்பிட்ட நடைமுறைகளை வகுக்கும் சட்ட விதியொன்றை மீறியதால் தீங்கு நேர்ந்திருந்தால், நடத்துநர் அந்த எச்சரிக்கையின் பின்னால் ஒளிய முடியாது. எழுத்தில் எச்சரித்துவிட்டு, ‘இன்று கடல் குளம்போல் இருக்கிறது, பயமே இல்லை’ என்று அவரே வாயால் உறுதி கூறியிருந்தால், அந்த அளவுக்கு எச்சரிக்கை வலுவிழக்கும். ஆகவே படகுத்துறையில் சொல்லப்பட்ட சொற்களையும் நினைவில் வைத்திருத்தல் தகும்.

வானிலை காரணமாகப் பயணம் இரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு நாள் மட்டுமே தரப்படுமா என்பது ஒப்பந்த நிபந்தனைகளில் இருக்கும். இதில் பிணக்கு எழுந்தால் மாநில நுகர்வோர் அலுவலகத்தை 13 32 20 என்னும் எண்ணில் அணுகலாம். கடல்நோய்க்கான மாத்திரையைத் தலைசுற்றத் தொடங்கிய பின் விழுங்குவதில் பயன் குறைவு. புறப்படுமுன், மருந்தாளரைக் கேட்டு உட்கொள்ள வேண்டும்.

மீன்களைப் பொறுத்தவரை பெயர்க் குழப்பம் ஒன்றைச் சுட்டுதல் வேண்டும். இங்கு ‘கிங்பிஷ்’ எனப்படுவது பெரும்பாலும் மஞ்சள் வாலுடைய வேறோர் இனம்; ஊரில் வஞ்சிரம் அல்லது அறக்குளா என நாம் அறிந்த மீன் அன்று. அந்த மஞ்சள்வால் கிங்பிஷ் குறைந்தது 65 சென்ரிமீற்றர் நீளம் இருக்க வேண்டும். ஒருவர் 5 மட்டுமே வைத்திருக்கலாம். ஸ்னாப்பருக்கு அளவு 30 சென்ரிமீற்றர், எண்ணிக்கை 10. கரிய கலவாய் இனமான பிளாக் ராக்கோட் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டது. 1984 முதல் கிரே நர்ஸ் சுறாவும் அவ்வாறே. தூண்டிலில் தற்செயலாகச் சிக்கினாலும் உடனே நீரில் விட்டுவிட வேண்டும். நீள வரம்புள்ள மீனைக் கடலிலேயே தலை வெட்டித் துண்டுகளாக்கி ஐஸ் பெட்டியில் அடுக்குவதும் குற்றம், ஏனெனில் அதன் பின் அளவைச் சரிபார்க்க வழியில்லை. செவுளும் குடலும் நீக்கலாம். குழம்புக்கான துண்டுகளை வீட்டில் போட்டுக்கொள்ளலாம். இவ்வாறு பிடித்த மீனை அயலவருக்குக் கொடுக்கலாம், விற்கலாகாது.

பொழுதுபோக்கு மீன்பிடிக் கட்டணத்திலிருந்து 18 வயதுக்குட்பட்டோர் விலக்குப் பெறுவர். பெரியவர்களுக்கான கட்டணத்தைப் படகு நடத்துநரே செலுத்தியிருக்கிறாரா என்பதை முன்பதிவின்போது கேட்டுக்கொள்க.

படிவத்தை மின்னஞ்சலில் முன்னதாக அனுப்பும்படி நடத்துநரிடம் கோரலாம். அதிலுள்ளவற்றைத் தொலைபேசிவழி தமிழில் கேட்டறிய விரும்புவோருக்குத் தேசிய மொழிபெயர்ப்பு மற்றும் உரைபெயர்ப்புச் சேவையின் எண் 131 450. தனியார் நிறுவனத்துடன் பேசுவதற்குக் கட்டணம் உண்டா என்பதை அழைக்கும்போதே அறிந்துகொள்ளலாம்.